லத்தி அள்ளாமல் சவாரி இல்லை

(போலீஸ்காரர் கையில் இருக்கிற லத்தி இல்லை. யானையும் குதிரையும் போடுகிற லத்தி. தலைப்பைப் பார்த்து அரசியல் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும்.)

கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த புதிதில் என் மகளுக்கு ரொம்பப் பிடித்துப்போன விஷயம் குதிரை. இந்த ஊரில் அதைப் பார்க்காமல் தப்பிக்க முடியாது. மைதானத்துப் பக்கம் போனால் குதிரைப் போலீஸ், விக்டோரியா மெமோரியல் எதிரே ஜிகினா ஒட்டிய வண்டிகள், அந்தப் பக்கம் ரேஸ் கோர்ஸ். அதுவரை அவள் பார்த்திருந்த குதிரை எங்கள் ஊர் அய்யனார் கோயில் மண்குதிரைதான். அது நகராது, கடிக்காது, சாப்பாடும் கேட்காது.

"நானும் குதிரை ஓட்டணும்ப்பா" என்று ஆரம்பித்தாள். ஏழாம் வகுப்புப் படிக்கிற பெண். தங்கமணியும், "டிரான்ஸ்ஃபர்ல போற ஊர்ல எது கிடைக்குதோ அதைக் கத்துக்கட்டுமே. நாக்பூர்ல இருந்தப்ப ஸ்கேட்டிங் கத்துக்கலையா" என்று கட்சி மாறிவிட்டாள். விசாரித்து ஒரு கிளப்பில் சேர்த்துவிட்டேன். பன்னிரண்டு வகுப்பு. கட்டணத்தை இங்கே எழுதினால் ஊரில் அம்மா காதுக்குப் போய்விடும், அதனால் வேண்டாம் :-)

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போவோம். குதிரை தயாராக நிற்கும். உடம்பு தேய்த்து, சேணம் கட்டி, கடிவாளம் மாட்டி, ஒரு சயீஸ் பிடித்துக்கொண்டிருப்பார். சயீஸ் என்றால் குதிரையைப் பராமரிக்கிறவர். இவள் ஒரு முக்காலியில் ஏறி உட்காருவாள். அரை மணி நேரம் வட்டம். இறங்குவாள். நான் போட்டோ எடுப்பேன். சயீஸ் குதிரையை அந்தப் பக்கம் கூட்டிப் போய்விடுவார். நாங்கள் இந்தப் பக்கம் கச்சோரி சாப்பிடப் போய்விடுவோம்.

எட்டாவது வகுப்பு முடிந்து வருகிறபோது சும்மா கேட்டேன். "உன் குதிரைக்கு என்னடா பேரு?"

"தெரியலப்பா. பிரவுன் குதிரை."

இரண்டு மாதமாக அதன் முதுகில் உட்கார்ந்திருக்கிறாள். பெயர் தெரியாது. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன், எனக்கும்தான் தெரியாது. ஏ.டி.எம்.முக்குப் பெயர் வைத்தா பணம் எடுக்கிறோம்? ஆனால் அன்றைக்கு அது நெஞ்சில் எங்கேயோ தைத்துவிட்டது. அதற்குப் பிறகு இந்தக் குதிரை விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் பாதியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். மீதி லாடம், கொள்ளு என்று போகும், உங்களுக்குப் பொறுமை இருக்காது.

அமெரிக்காவில் பிலடெல்பியா என்று ஒரு நகரம். அங்கே ஃபேர்மவுண்ட் பார்க் என்ற பெரிய பூங்காவுக்குள் ஒரு லாயம். 1994ல் லெஸ்லி ஹைனர் என்ற பெண்மணி அங்கே ஒரு திட்டம் தொடங்கினார். பெயரே "வொர்க் டு ரைட்". வேலை செய், சவாரி செய். வறுமையும் துப்பாக்கியும் போதைமருந்து வியாபாரமும் மலிந்த தெருக்களிலிருந்து ஏழு வயது முதல் பத்தொன்பது வயது வரை பிள்ளைகள் வருகிறார்கள், பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள். லாயத்தைக் கூட்ட வேண்டும், லத்தி அள்ள வேண்டும், தண்ணீர் வைக்க வேண்டும், தீனி போட வேண்டும், குதிரையின் உடம்பைத் தேய்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஏறலாம். பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்பதும் நிபந்தனை.

கரீம் ராஸர் என்ற பையனும் அவன் சகோதரர்களும் அப்படி அந்த லாயத்துக்குள் நுழைந்தவர்கள். மேற்கு பிலடெல்பியாவில் அவர்கள் வளர்ந்த பகுதிக்கு மக்கள் வைத்த பெயரே "தி பாட்டம்", அடிமட்டம். 2011ல் இந்த லாயத்துப் பையன்கள் மூன்று பேர் (உள்ளரங்கப் போலோவில் ஒரு அணிக்கு மூன்று பேர்தான்) அமெரிக்கப் பள்ளிகளுக்கிடையேயான தேசிய போலோ பட்டத்தை ஜெயித்தார்கள். முழுக்கக் கறுப்பினப் பிள்ளைகளே ஆடிய அணி அந்தப் பட்டத்தை வாங்கியது அதுவே முதல் முறை. மூவரில் இருவர் ராஸர் சகோதரர்கள். கரீம் பிறகு கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயும் 2015ல் கல்லூரி அளவில் தேசியப் பட்டம் வாங்கி, 2021ல் தன் கதையை "கிராஸிங் தி லைன்" என்று புத்தகமாக எழுதினார். புத்தகம் வந்தபோது அவருக்கு வேலை நிதித்துறையில். நம்ம ஆளு!

போலோ என்றதும் ராஜா மகாராஜா ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான். ஆனால் அந்த ஆட்டத்தை வெள்ளைக்காரன் கற்றுக்கொண்டது மணிப்பூரிகளிடம். சில்சாரில் 1859ல் முதல் கிளப், 1862ல் இங்கே கல்கத்தாவில் இன்னொன்று. மணிப்பூரில் அது சாதாரண ஜனங்களும் ஆடிய ஆட்டம், மட்டக்குதிரையில், பல சமயம் வெறுங்காலோடு. கல்கத்தாவிலிருந்து கப்பலேறிப் போன பிறகுதான் அதற்குக் கோட்டும் தொப்பியும் சேர்ந்தது. சுற்றிச் சுற்றி அடிமட்டத் தெருப் பையன் கைக்கே திரும்பிப் போய்விட்டதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

ஆனால் கோப்பையைக் காட்டி இந்தத் திட்டத்தை நியாயப்படுத்துவது எனக்குச் சம்மதமில்லை. அந்த லாயத்துக்கு வந்த எல்லாப் பிள்ளைகளும் போலோ வீரர்களாகிவிடவில்லை. குதிரை தோட்டாவைத் தடுக்காது. அதே லாயத்தில் போலோ ஆடிய ஒரு பதினான்கு வயதுச் சிறுமி 2003ல் தன் தாயோடு சேர்த்துச் சுட்டுக் கொல்லப்பட்டாள். மறுநாளும் அந்தக் குதிரைகளுக்கு யாரோ தண்ணீர் வைத்திருப்பார்கள். வைத்துத்தான் ஆக வேண்டும். எனக்கு இந்தக் கதையில் விஷயமாகப் படுவது அதுதான். தினமும் யாராவது வந்தே தீர வேண்டும்.

ஒரு குதிரை ஏறக்குறைய நானூற்றைம்பது, ஐந்நூறு கிலோ இருக்கும். ஒரு நாளைக்கு 25 லிட்டரிலிருந்து 50 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். அதனால் வாந்தி எடுக்க முடியாது, தெரியுமா? உடம்பின் அமைப்பு அப்படி. தப்பான தீனியைத் தின்றுவிட்டு வயிற்றுவலி வந்தால் சில மணி நேரத்தில் செத்தே போகலாம். ஆகவே தீனி போடுகிற பையன் அளவு தெரிந்து போட வேண்டும். போட்டதைத் தின்றதா, மிச்சம் வைத்ததா, லத்தி ஒழுங்காகப் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆமாம், லத்தி அள்ளுவது வெறும் துப்புரவு வேலை இல்லை. குதிரைக்கு உடம்பு சரியில்லை என்ற முதல் தகவல் அங்கேதான் கிடைக்கும். குளம்புக்குள் மாட்டிய கல்லைக் கொக்கி வைத்து நெம்பி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நொண்டும். சேணம் வைக்கிற இடத்தில் மண் ஒட்டியிருந்தால் உரசிப் புண்ணாகும், அதனால் தேய்க்காமல் சேணம் வைக்கக்கூடாது. பின்னால் சத்தமில்லாமல் போய் நின்றால் உதைக்கும். அதற்கு நேர் பின்னால் கண் தெரியாது, பாவம்.

இவ்வளவையும் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை செய்து பழகினால் என்ன ஆகும்? கோபத்தோடு லாயத்துக்குள் போனால் குதிரை கிட்டே வராது என்று அதற்குத் தெரிந்துவிடும். குதிரை மற்ற மிருகங்களுக்கு இரையாக இருந்த பிராணி. பதற்றத்தை உடனே கண்டுபிடிக்கும். அதட்டினால் அடங்காது, கெஞ்சினாலும் கேட்காது. மூச்சைச் சமனாக்கிக்கொண்டு, தோளைத் தளர்த்திக்கொண்டு போனால்தான் ஆச்சு. இதை ஆலோசகர் வைத்து, வகுப்பு நடத்தி, பவர்பாயிண்ட் போட்டுச் சொல்லிக்கொடுக்க எங்கள் வங்கி வருடா வருடம் அதிகாரிகளைப் பயிற்சிக்கு அனுப்புகிறது. எனக்கு இன்னும் வந்தபாடில்லை.

பிலடெல்பியா மட்டும் இல்லை. அதே ஊரில் ஃப்ளெச்சர் தெரு என்று இன்னொரு இடம். வண்டியில் காய்கறியும் பழைய சாமானும் விற்ற காலத்திலிருந்து கறுப்பினத்தவர் குதிரை வைத்திருந்த பழக்கத்தின் தொடர்ச்சி. அவர்களுடைய குதிரைகள் பலவும் ஏலத்தில் வாங்கியவை, வாங்காவிட்டால் அடிமாட்டு லாரி மாதிரி ஒரு லாரியில் ஏறியிருக்கும். தெருப் பையன்கள் பெரியவர்களிடம் வேலை பழகி அதில் சவாரி கற்றார்கள். "கான்க்ரீட் கௌபாய்" என்ற படம் (2020) இவர்களை வைத்து எடுத்ததுதான், அந்தத் தெருக்காரர்களே சிலர் அதில் நடித்தும் இருக்கிறார்கள். லண்டனில் பிரிக்ஸ்டன் பகுதியில் 1996ல் தொடங்கிய எபனி ஹார்ஸ் கிளப் உண்டு. அங்கே சவாரி கற்ற கதீஜா மெல்லா என்ற பதினெட்டு வயதுப் பெண் 2019 ஆகஸ்டில் குட்வுட் பந்தயத்தில் ஹிஜாப் அணிந்து ஓட்டி முதலாவதாக வந்தாள். பந்தயக் குதிரையில் அவள் முதன்முதலாக ஏறியதே அந்த வருடம்தான்.

இதையெல்லாம் தங்கமணியிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அதெல்லாம் சரி, அது வழி தவறிப் போற பிள்ளைங்களுக்கு. நம்ம பொண்ணுக்கு என்ன குறை?" என்றாள்.

நியாயமான கேள்விதான். நான் கிளையில் கல்விக் கடன் பார்த்தவன். பதினெட்டு வயதுப் பிள்ளை அப்பாவோடு வந்து எதிரே உட்காரும். "எந்தக் கல்லூரி?" அப்பா பதில் சொல்வார். "எந்தப் பிரிவு?" அப்பா. "ஏன் அந்தப் பிரிவு?" அப்பா. "கையெழுத்துப் போடும்மா" என்றால் அப்பா பேனாவைத் திறந்து கொடுப்பார். பத்து லட்ச ரூபாய்க்குக் கையெழுத்துப் போடுகிற பிள்ளை, அதுவரை தன்னை நம்பி இன்னொரு உயிர் இருப்பதை ஒரு நாளாவது அனுபவித்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். அந்த அப்பாக்களைக் கேலி செய்யவில்லை. நாளைக்கு நானும் பேனா திறந்து கொடுப்பேன்.

என் அக்கா பத்து வயதில் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாள். நான் கடைக்குட்டி என்பதால் தப்பித்தேன். ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்காவது பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை இருக்கும். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை ஊர் மாறுகிற நம் வீடுகளில் அதுவும் கிடையாது. நாய் வளர்க்க வீட்டுக்காரர் விட மாட்டார். செடி வைத்தால் அடுத்த டிரான்ஸ்ஃபரில் காவல்காரருக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டும். எல்லாரும் பிள்ளைகளுக்காகவே ஓடுகிறோம், ஆனால் பிள்ளைகளை நம்பி வீட்டில் எதுவுமே இல்லை. பிலடெல்பியாத் தெருவில் அப்பா இல்லை, என் ஃபிளாட்டில் அப்பா ரொம்பவே இருக்கிறார். குறை வேறு வேறு. ஆனால் லத்தி அள்ளுவதால் இரண்டு பேருக்குமே ஏதோ கிடைக்கும் என்று தோன்றுகிறது.

அதனால் அடுத்த ஞாயிறு கிளப் மேனேஜரிடம் கேட்டேன். மகளை ஒரு மணி நேரம் முன்னால் கூட்டி வருகிறேன், குதிரையைத் தேய்ப்பது, குளம்பு பார்ப்பது, லாயம் கூட்டுவது எல்லாம் கற்றுக்கொடுக்க முடியுமா?

அவர் நான் ஏதோ கட்டணத்தில் தள்ளுபடி கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். "அதுக்கெல்லாம் ஆள் இருக்காங்க தாதா" என்றார். (இங்கே தாதா என்றால் அண்ணன். நம்மூர் அர்த்தத்தில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.) பிறகு, குழந்தைக்கு அடிபட்டால் யார் பொறுப்பு என்றார். சவாரியிலேயே அடிபடலாமே என்றேன். அதற்குத்தான் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறோமே என்றார். கடைசியில் என் தொல்லை தாங்காமல், அரை மணி நேரம் முன்னால் வரலாம், சயீஸ் கூடவே இருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்.

அப்போதுதான் அந்தப் பையனைப் பார்த்தேன். சயீஸின் மகன். என் மகளை விட ஒன்றிரண்டு வயது பெரியவன் இருப்பான். விடியற்காலை ஐந்து மணிக்கு அப்பாவோடு வருகிறான். ஆறு குதிரைக்குத் தண்ணீர், தீனி, லத்தி எல்லாம் அவன் கை. பள்ளிக்கூடம் உண்டு, சில நாள் முதல் பீரியட் போய்விடும் என்றான். என் மகளுக்குக் குளம்பைத் தூக்கிக் காட்டியது அவன்தான். காலின் பின்பக்கம் மெதுவாகக் கையை வழித்துக் கீழே கொண்டுபோனான், குதிரையே காலைத் தூக்கிக் கொடுத்தது. குதிரையின் பெயர் ராணி என்றும் அவன்தான் சொன்னான். இடது காதுக்குப் பின்னால் தொட்டால் பிடிக்காது, போன மழைக்காலத்தில் ஒரு புண் இருந்தது, அந்த ஞாபகம் என்றான். ஒரு மிருகத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிற பையன்.

"நீ ஓட்டுவியா?"

"ஓட்டுவேன் சார். காலையில யாரும் வர்றதுக்கு முன்னால. சேணம் இல்லாம."

சேணம் இல்லாமல், அங்கவடி இல்லாமல், ஐந்தரை மணி இருட்டில். என் மகள் எட்டு வாரமாகக் கற்றதை விட நூறு மடங்கு அதிகம். ஆனால் அது சவாரி என்று எந்தக் கணக்கிலும் வராது. அது குதிரைக்குக் கை கால் வழங்கக் கொடுக்கிற உடற்பயிற்சி. ஏழு மணிக்கு அவன் பிடித்துக்கொண்டு நிற்பான், இன்னொரு பிள்ளை ஏறும்.

நம் நாட்டில் குதிரையும் இருக்கிறது, லாயமும் இருக்கிறது, உழைக்கிற நகரத்துப் பையன்களும் இருக்கிறார்கள். காசு கொடுக்கிற பிள்ளைக்குச் சவாரி மட்டும், காசில்லாத பிள்ளைக்கு லத்தி மட்டும் என்று நடுவில் கோடு போட்டு வைத்திருக்கிறோம். பிலடெல்பியாக்காரர்கள் இரண்டையும் ஒரே பிள்ளை கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான். சயீஸ் மகன் செய்கிற அதே வேலையைத்தான் கரீம் ராஸரும் செய்தான். ஆனால் அவனுக்கு அந்த வேலை முடிந்ததும் குதிரை கிடைத்தது, பயிற்சியாளர் கிடைத்தார், ரிப்போர்ட் கார்டைக் கேட்க ஒரு ஆள் கிடைத்தார், கல்லூரி கிடைத்தது. இவனுக்கு வேலை முடிந்ததும் அடுத்த வேலை. வேலையே பாடம் என்று ரொம்ப உருகினால் குழந்தைத் தொழிலை நியாயப்படுத்துகிற இடத்தில் போய் நிற்போம், அதில் எனக்குப் பயம் உண்டு. சாணி அள்ளுவதை நம்மூரில் சில குழந்தைகளுக்கு மட்டும் எழுதி வைத்திருந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியாதது இல்லை. கோடு அப்படியே இருக்க, என் மகள் அரை மணி நேரம் அள்ளிவிட்டு வருவது வெறும் விளையாட்டு என்று யாராவது சொன்னால் அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். குதிரை வரவு இல்லாத பற்று. தீனி, ஆறேழு வாரத்துக்கு ஒரு முறை லாடம், மருத்துவர், எல்லாவற்றுக்கும் மேலே நிலம். ஃப்ளெச்சர் தெருக்காரர்கள் ஓட்டிப் பழகிய வெளி அவர்கள் பெயரில் இல்லை, வீடு கட்டப் போய்விட்டது. மும்பையில் விக்டோரியா வண்டிகளை 2015ல் உயர் நீதிமன்றமே நிறுத்தச் சொன்னது, குதிரைகளின் நிலைமை அப்படி. தார் ரோட்டில் வெயிலில் நிற்கும் குதிரைகளைப் பார்த்தவர்கள் அந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆகவே ஊருக்கு ஊர் புதிதாக லாயம் கட்டு என்று நான் சொல்லவில்லை. இருக்கிற லாயங்களைத்தான் சொல்கிறேன். குதிரைப் போலீஸ் இருக்கிறது, கிளப்புகள் இருக்கின்றன. என்.சி.சி.யில் கால்நடை மருத்துவக் கல்லூரிகளை ஒட்டிக் குதிரைப் பிரிவுகள் இருக்கின்றன, அங்கே மாணவர்கள் பராமரிப்பும் சேர்த்தே கற்கிறார்கள். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் பக்கத்து முனிசிபல் பள்ளியிலிருந்து பத்துப் பிள்ளைகள், காசு கட்டுகிற பத்துப் பிள்ளைகள், இருபது பேரும் முதலில் கூட்டிப் பெருக்க வேண்டும், இருபது பேரும் ஏற வேண்டும். இதற்குப் புதிதாக ஒரு குதிரைகூட வாங்க வேண்டியதில்லை.

பன்னிரண்டு வகுப்பு போன மாதம் முடிந்தது. அடுத்த பன்னிரண்டுக்குப் பணம் கட்டப் போனபோது, இரண்டு பிள்ளைகளுக்குக் கட்டுகிறேன், இரண்டாவது சயீஸ் மகன் என்றேன். மேனேஜர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மற்ற மெம்பர்கள் என்ன சொல்வார்களோ என்றார். கமிட்டியைக் கேட்க வேண்டும் என்றார். எழுத்தில் கொடுங்கள் என்றார். எழுத்தில் கொடுப்பதுதானே என் பிழைப்பு, அன்றைக்கே கொடுத்துவிட்டேன். அந்தப் பையனிடம் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. அவன் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "வேண்டாம் சாஹேப், வேலைக்கு ஏதாவது வந்துடும்" என்றார்.

மூன்று வாரம் ஆகிறது, கமிட்டி இன்னும் கூடவில்லை. மகள் ஞாயிறு ஆறரைக்கே என்னை எழுப்பிவிடுகிறாள், ராணிக்குக் கேரட் வாங்க வேண்டுமாம்.